வேம்படியில் நாலு குழாய்

போன மாதம் தர்சினி என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கதவு, நடுக்கூடத்தில் ஒரு மரம். மரம் கூரையைத் தாண்டி மேலே போகிறது. கீழே ஒரு பெண் சாய்மனைக் கதிரையில் இருந்து புத்தகம் படிக்கிறாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையில் ஒரு சருகு இல்லை. ஓர் எறும்பு இல்லை. காகத்தின் எச்சம் இல்லை. பளிங்குத் தரை நேராகப் போய் அடிமரத்தில் முட்டுகிறது. அந்த மரம் எந்த மண்ணில் நிற்கிறது என்று எங்கும் தெரியவில்லை. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

தர்சினி என்னோடு பதினொரு வருடம் ஒரே அறையில் இருந்து வீட்டுப் பிளான் கீறியவள். இப்போது மட்டக்களப்பு நகரத்தில் சொந்தமாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறாள். அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள்.

"சேர், இப்ப வாற ஆக்கள் எல்லாம் இதைத்தான் கேக்கிறாங்க. மரத்தோட வீடு, ஏசி இல்லாத வீடு, இயற்கையான வீடு. நீங்க செய்தத எழுதித் தாங்க. எங்கட ஒபிசில இருக்கிற ஆக்கள் வாசிக்கட்டும்" என்றாள்.

இவள் காரணம் இல்லாமல் கேட்கிற ஆள் இல்லையே என்று யோசித்தேன். என் பெயரைத் தன் விளம்பரத்தில் போடப் போகிறாளோ, இல்லை என்னிடமிருந்து ஆட்களின் நம்பர் வாங்கப் பார்க்கிறாளோ என்று இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளே கோல் எடுத்து, "நல்லா வந்த வீட்டப் பத்தி எழுதுங்க சேர்" என்றாள். நல்லா வந்த வீடுகளைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அவை நின்றுகொண்டிருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். எனக்கு ஆழமாகத் தெரிந்தது ஒரேயொரு வீடு. அது ஆரையம்பதியில், வாவிப் பக்கமாக இருக்கிறது.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் கீறப் படித்தேன். பிறகு அரசாங்க ஒப்பந்த வேலை எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் மதகுகளும் பள்ளிக்கூட மலசலகூடங்களும் கீறினேன். சண்டைக் காலத்தில் கீறியவற்றில் பாதி கட்டப்படவே இல்லை. அதன் பிறகு நகரத்தில் வீட்டுப் பிளான் கீறும் லெஸ்லி சேரின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

லெஸ்லி சேர் போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கியர். தகப்பன் நகரத்தில் பேர்போன தச்சர். மனிசன் எவரையும் நம்ப மாட்டார். வாடிக்கையாளர் கொண்டுவரும் அளவு நாடாவைக்கூடத் தன் இரும்பு நாடாவோடு பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டு வளவை அளக்க விடுவார். யாராவது, "இந்த மரம் நூறு வருசமா நிக்கிது சேர்" என்றால், "ஆர் பார்த்த?" என்பார். தேத்தண்ணி வந்தால் முதலில் மணந்து பார்ப்பார். பென்சில்களை மேசை லாச்சியில் பூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். நாங்கள் பின்னால் சிரிப்போம். ஆனால் அவர் கீறிய வீடுகளில் ஒன்றிலும் மரம் சரிந்ததில்லை, சுவர் வெடித்ததில்லை.

மரம் நிற்கும் வளவுக்குப் போனால் முதல் நாள் அவர் பென்சிலைத் தொடவே மாட்டார். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலுக்கு ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று மூன்று முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நிழல் விழும் ஓரத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவோம். பிறகு அவர் மரச்சுத்தியலால் அடிமரத்தைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டு வருவார். மறுபக்கத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்பது என் வேலை. உள்ளே வெறுமையாக, கோறையாகச் சத்தம் வந்தால் நான் கையைத் தூக்க வேண்டும். நாலு திக்கிலும் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி வேர் போகும் வழியைப் பார்ப்போம். மணிக்கட்டை விடப் பருத்த வேர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அத்திவாரம் கிடையாது. சுவர்தான் விலகிப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கரித்துண்டு வேலை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதத்தில், கூரை வரப்போகிற உயரத்தில் மரத்தில் ஒரு கரித்துண்டைக் கட்டுவார். பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, கரி உரசுகிற மாதிரி ஒரு வெள்ளைப் பலகையை அறைவார். ஒரு கிழமை கழித்துப் போனால், காற்றில் தான் எவ்வளவு ஆடுகிறேன் என்பதை மரம் தானே பலகையில் கீறி வைத்திருக்கும். அந்தக் கீறலின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளியைக் கூரையில் விடுவோம். இடைவெளியைத் தடித்த கன்வஸ் துணியால் தளர்வாக மூடுவோம். மரம் ஆடும், கூரை ஆடாது.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார். "இந்த மரம் போனா ஆருக்கு லாபம்?" சருகு விழுகிறதென்று முணுமுணுக்கும் அயலவர், பலகைக்கு விலை கேட்டுப் போன ஆள், கார் விட இடம் தேடும் மச்சான் என்று வருகிற பதிலைக் கோப்பின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். நோய் வந்து சாகிற மரத்தை விட, துளை போட்டுப் பெருங்காயம் வைத்துச் சாகடிக்கிற மரம்தான் அதிகம் என்பது அவர் எண்ணம். அவருடைய மற்ற முறைகளையெல்லாம் நான் அவர் செய்தபடி செய்தேன். இந்தக் கேள்வியை மட்டும் அவரை விட அதிகமாகக் கேட்டேன்.

செல்வராணி எங்களிடம் வந்தபோது குவைத்தில் பதினாலு வருடம் வீட்டுவேலை செய்து முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஒரே மகள். அந்த மகளுக்கு வீடு கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். கலியாணப் பேச்சு வந்தால் பெண்ணைப் பார்க்க முதலே வீட்டைப் பார்க்கிற ஆட்களும் உண்டு. செல்வராணியின் வளவு வாவிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நடுவில், கொஞ்சம் மேற்கே தள்ளி ஒரு பெரிய வேம்பு.

"ஏசி வேணாம் எண்டு இப்ப சொல்லுவீங்க. மறுகா வந்து ஏசிக்கு இடம் விடல்ல எண்டு என்னோட சண்டை பிடிப்பீங்க" என்றார் லெஸ்லி சேர். அவர் இதை எல்லாரிடமும் சொல்வார்.

"இல்ல சேர்" என்றார் செல்வராணி. "பதினாலு வருசம் சன்னல் திறக்காத வீட்டுக்குள்ள இருந்தனான். வெளியில என்ன நேரம் எண்டும் தெரியாது, மழையா வெயிலா எண்டும் தெரியாது. அந்தக் குளிர்ல எனக்கு மூட்டெல்லாம் போயிட்டு. எனக்கு இந்த மரமும் வேணும், வாவிக் காத்தும் வேணும். என்ட பிள்ள காத்துள்ள வீட்டில இருக்கட்டும்."

லெஸ்லி சேர் கோப்பில் ஏசி இல்லை என்று எழுதினார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை அந்த வளவுக்குப் போனார். அவர் கீறியது அருமையான வீடு. மேற்கே வாவியிலிருந்து வரும் சூடான கச்சான் வேம்பின் கீழே நுழைந்து ஆறி, தாழ்ந்த சன்னல்களால் உள்ளே வந்து, கிழக்கே உயரத்தில் இருக்கும் துவாரங்களால் வெளியேறும். பிளானில் வீடு மார்பளவு உயரத் தூண்களில் நின்றது. மாரி மழையில் வாவி பெருகினால் தண்ணீர் வீட்டுக்கு அடியால் வந்து அடியால் போகும். மண்ணில் ஒரு கூடைகூட ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அந்தப் பிளானை முடித்துக் கையில் தந்துவிட்டு லெஸ்லி சேர் மகளோடு இருக்க மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். அலுவலகம் என் பொறுப்பில் வந்தது. இனிப் பென்சில் லாச்சிச் சாவி என் கையில் என்று எனக்கு உள்ளூரச் சந்தோசமாக இருந்தது.

அடுத்த மாதமே செல்வராணியின் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் பிளானை வாங்கிப் பார்த்தார். தூண்களை விரலால் தொட்டார்.

"இது என்ன, வயல் வட்டைக்குள்ள யானைக்குக் காவல் இருக்கிற பரண் மாதிரிக் கிடக்கு. என்ட மகன் வந்து பரண்லயா இருக்கிற?"

செல்வராணி என் முகத்தைப் பார்த்தார். பரணில் என்ன குறை என்று நான் கேட்டிருக்கலாம். எங்கள் கரையோரத்தில் வீடு கட்டுவதென்றால் முதலில் வளவுக்கு மண் போட்டு உயர்த்துவதுதான் வழக்கம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், பிரதேச சபையும் வெள்ள மட்டத்துக்கு மேலே தரை இருக்கிறதா என்றுதான் பார்க்கும். உயர்ந்த மண், அதன் மேல் உயர்ந்த அத்திவாரம், படியேறிப் போகிற வீடு. அதுதான் சீதன வீட்டுக்கு அழகு. நானே தூண்களை அழித்தேன். வளவு முழுக்க மூன்றடிக்குக் கிரவல், அதாவது சரளை மண் போடுவது என்று எழுதி, கீழே என் கையொப்பத்தை வைத்தேன். லெஸ்லி சேர் இல்லாமல் நான் கையொப்பம் வைத்த முதல் வீடு அது.

மேசன் வேலை ஹனிபா நானாவுக்கு. காத்தான்குடி ஆள், எங்கள் அலுவலகத்தோடு நெடுநாளாக வேலை செய்தவர், கொஞ்சக் காலம் கட்டாரிலும் வேலை செய்துவிட்டு வந்தவர். வளைந்த சுவர் கட்ட அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. முதல் நாளே வேம்பைச் சுற்றி வந்துவிட்டு, "சேர், இதத் தறிச்சிப் போட்டுக் கட்டினா எல்லாருக்கும் நிம்மதி. மரமும் வீடும் ஒண்டுக்கொண்டு இடைஞ்சல்" என்றார். செல்வராணிக்கு முகம் கறுத்துவிட்டது. நான் கோப்பைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஹனிபா என்று எழுதிக்கொண்டேன்.

மண் போடுவதற்கு முதல் நாள் அவர் மறுபடியும் வந்தார். "தறிக்க மாட்டீங்க எண்டா, மரத்தைச் சுத்தி கிணத்துக் கட்டு மாதிரி ஒரு வட்டம் கட்டுவம். அதுக்கு வெளியால மண்ணப் போடுவம். மரத்திர கழுத்த மூடப்படாது சேர்."

அந்த வட்டத்துக்கு எத்தனை கல் போகும், எத்தனை நாள் வேலை என்றுதான் என் மூளை ஓடியது. நேற்று மரத்தை வெட்டச் சொன்ன ஆள் இன்றைக்கு மரத்துக்காகக் கதைக்கிறாரா?

"நானா, அந்த வட்டத்துக்குள்ள தண்ணி நிண்டா டெங்கு நுளம்பு பெருகும். சுகாதாரப் பரிசோதகர் வந்து என்னத்தான் கேப்பார்" என்றேன். அது உண்மையும்தான். அதோடு விட்டிருக்கலாம். "கூலியக் கூட்டோணும் எண்டா நேரடியாக் கேளுங்க" என்றும் சொன்னேன். அவருடைய இரண்டு கையாட்கள் பக்கத்தில் நின்றார்கள்.

ஹனிபா நானா கையாட்களைக் கூட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். கிரவல் வந்தது, இடித்து இறுக்கினோம். வேம்பின் அடிமரம் மூன்றடி உள்ளே போனது. அதைச் சுற்றி அழகுக்குக் கூழாங்கல் பரப்பினோம். கூரையில் கன்வஸ் கழுத்து, கரித்துண்டு அளந்தபடியே. வீடு முடிந்தபோது அயல் ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். உச்சி வெயிலிலும் முற்றம் குளிர்ந்து கிடந்தது. செல்வராணி மரத்தடியில் கதிரை போட்டு இருந்துவிட்டு, "இப்பதான் நான் ஊருக்கு வந்த மாதிரிக் கிடக்கு, அண்ணன்" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த ஆடியில் இலைகள் மஞ்சளாயின. வேம்பு மாசியில் இலை கொட்டும், அது வழமை. ஆடியில் கொட்டாது. செல்வராணி அழைத்ததும் அன்று பின்னேரமே போனேன். தெற்குப் பக்கக் கொப்புகளில் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. அடிமரத்தைத் தட்டினேன், கோறை இல்லை. துளை தேடினேன், இல்லை. பூச்சி இல்லை. செல்வராணியின் அண்ணன் பக்கத்தில் நின்றார். மதிலுக்கு மேலால் அயல் வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மண்டைக்குள் அந்தக் கேள்வி ஓடியது. இந்த மரம் போனால் யாருக்கு லாபம்?

கூழாங்கல்லைக் கையால் விலக்கினேன். சிறிய கம்பி வலை ஒன்று தட்டுப்பட்டது. வலைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய். மரத்தைச் சுற்றி நாலு குழாய்கள், நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தன. என் பிளானில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒன்றை ஆட்டி இழுத்து எடுத்தோம். பக்கமெல்லாம் சூடுகாட்டிய கம்பியால் போட்ட துளைகள், அதன் மேல் தேங்காய்த் தும்பு சுற்றியிருந்தது. யாரோ வேருக்கு எதையோ ஊற்ற வழி செய்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

குழாயை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மண்ணெண்ணெய் மணக்குது" என்றேன்.

உண்மையில் மணந்தது சேறு. வாவியில் கண்டல் மரங்கள் நிற்கும் பக்கம் காலை வைத்தால் வருமே, அந்தப் புளித்த சேற்று மணம். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் தலைக்குள் கதை முடிந்துவிட்டது, அந்தக் கதைக்கு ஒரு மணம் தேவைப்பட்டது. குழாயை செல்வராணியின் அண்ணனிடம் கொடுத்தேன். அவரும் மணந்தார், "ஓம், மணக்குது" என்றார். செல்வராணியும் மணந்தார், தலையை ஆட்டினார். அயல் வீட்டுக்காரர் மதிலுக்கு அப்பாலிருந்தே, மணக்காமலே, ஓம் என்றார்.

மற்ற மூன்று குழாய்களையும் பிடுங்கச் சொன்னேன். நாலு குழிகளிலும் சீமெந்து ஊற்றி அடைக்கச் சொன்னதும் நான்தான். கோப்பின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த ஹனிபாவின் பெயரை அங்கே சொன்னதும் நான்தான்.

தமிழர் ஊரான ஆரையம்பதியும் முஸ்லிம்கள் ஊரான காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள். இடையில் ஒரு வீதிதான். நல்ல நாளில் அந்த வீதியால் மீன் போகும், புடவை வரும், ஆட்கள் சிரித்துக் கதைப்பார்கள். கெட்ட நாளில் ஒரு சொல் போதும். காத்தான்குடி மேசன் சீதன வீட்டு வேம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றினான் என்ற கதை மூன்று நாளில் ஆரையம்பதிச் சந்தி வரை போய்விட்டது. ஹனிபா நானா அந்த ஊரில் இன்னொரு வீட்டுக்கு மதில் கட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் வந்து, சாந்துக் கரண்டியை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல என் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"சேர், நான் மண்ணெண்ணெய் ஊத்தின எண்டு ஆர் சொன்ன?"

"குழாய் ஆர் வச்ச நானா?"

"நான்தான் வச்ச. என்ட காசில வாங்கி வச்ச. கட்டார்ல ரோட்டோரத்து மரத்துக்கெல்லாம் இப்பிடித்தான் வச்சிரிக்கி. தண்ணியும் போகும், காத்தும் போகும். நீங்க மூணடி மண்ணப் போட்டு மூடினா வேர் எப்பிடி சேர் மூச்சு விடுற?"

"அப்ப ஏன் மறைச்சு வச்சீங்க?"

"சொன்னா புடுங்கச் சொல்லுவீங்க. வட்டம் கட்டுவம் எண்டதுக்கே கூலிக்கு எண்டு சொன்ன ஆள்தானே நீங்க."

எனக்கு அது ஒப்புக்கொள்வது போலத்தான் கேட்டது. மறைத்து வைத்தேன் என்கிறாரே, வேறென்ன வேண்டும்? மரத்தை வெட்டச் சொன்னதும் நீங்கள்தானே என்று கேட்டேன். ஹனிபா நானா என்னை நேராகப் பார்த்தார்.

"ஓம், தறிக்கச் சொன்ன. சாகடிக்கச் சொல்லல்ல" என்றார். பிறகு, "எனக்கு அந்த ஊர்ல இனி வேல இல்ல சேர். வேல போனாப் பறவாயில்ல. மரத்துக்கு நஞ்சு வச்சவன் எண்டு பேர் வந்திட்டு. அத நீங்கதான் தந்த, நீங்கதான் எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்னைப் பற்றித் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

கார்த்திகை மழையில் வேம்பில் ஓர் இலையும் மிஞ்சவில்லை. தையில் கலியாணம் நடந்தது. வெறும் கொப்புகளில் வண்ண மின்விளக்குக் கட்டி மறைத்தார்கள். நான் லெஸ்லி சேருக்குக் கோல் எடுத்து, ஆட்களை நம்பவே முடியாது, உங்கள் மரத்தை நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று முறையிட்டேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தூண் வீட்டுக்கு என்னத்துக்கு மண்? எவ்வளவு போட்ட நீ?"

தூண்களை அழித்ததை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. மூன்றடி என்றேன்.  

"நாதன், தோண்டிப் பாரு" என்றார். "மற்றவனப் பத்திப் பிறகு கதைப்பம்."

அடுத்த நாள் செல்வராணியிடம் போய் மண்வெட்டி கேட்டேன். கிரவலைத் தோண்டினோம். மண்ணுக்குள் போன அடிமரத்தின் பட்டை கறுத்து அழுகி, கை வைத்ததும் வழுக்கிக்கொண்டு கழன்றது. வேர்கள் புளித்து மணந்தன. குழாயில் மணந்த அதே மணம். அடைத்த சீமெந்தை உடைத்துவிட்டுக் குந்தி இருந்து பார்த்தேன். குழாய்கள் இருந்த நாலு இடத்திலும், நாலு இடத்தில் மட்டும், சிறுவேர்கள் காற்றைத் தேடி மேலே மேலே ஏறி வந்து பின்னிக் கிடந்தன. மூடிய பிறகு அவையும் காய்ந்திருந்தன.

குழாய்களை விட்டிருந்தால் மரம் தப்பியிருக்குமா என்று பிறகு லெஸ்லி சேரிடம் கேட்டேன். "தெரியாது. ஆனா கொஞ்சக் காலம் தாக்குப் பிடிச்சிருக்கும். அதுக்குள்ள நீ மண்ண எடுத்திருக்கலாம்" என்றார்.

குழியருகில் நான் செல்வராணியிடம் உண்மையைச் சொன்னேன். மண்ணெண்ணெய் மணக்கவில்லை, நான்தான் சொன்னேன் என்று.  அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கும் மணக்கல்ல அண்ணன்" என்றார். "நீங்க படிச்ச ஆள், நீங்க சொன்னீங்க. என்ட மூக்குத்தான் பழுது எண்டு நினைச்சன்."

அடுத்த நாள் காத்தான்குடிக்குப் போனேன். ஹனிபா நானா வாசலில் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். அவர் மனைவி உள்ளிருந்து தேத்தண்ணி அனுப்பினார். நான் சொல்லி முடித்ததும், "இத என்னட்ட வந்து சொல்லி என்ன சேர்? நான் ஊத்தல்ல எண்டு எனக்குத் தெரியும்தானே. அங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

போனேன். செல்வராணியின் அண்ணனிடம் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன், சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நின்று சொன்னேன். பழியைச் சொன்னபோது எல்லாருக்கும் காது இருந்தது. இப்போது, "ஓம் ஓம்" என்றுவிட்டு வேறு கதைக்குப் போனார்கள். கடையில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "உண்மையச் சொல்லுங்க சேர். அங்கால ஆக்கள் வந்து வெருட்டினவங்களா? பயந்துதானே மாத்திச் சொல்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவருடைய முகத்தில் இருந்த பார்வையை நான் முன்பே அறிவேன். ஹனிபா நானாவை நான் பார்த்த பார்வை அது. அந்த ஊரில் அவரை அதற்குப் பிறகும் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

மரத்தை வெட்டினார்கள். கூரையில் இருந்த துவாரத்தைத் தகரத்தால் மூடினார்கள். மேற்கு வெயில் தடை இல்லாமல் சுவரில் விழ, வைகாசியில் மருமகன் இரண்டு அறைக்கும் ஏசி பூட்டினார். அதற்காகத் தாழ்ந்த சன்னல்களையும் கல் வைத்து அடைத்தார்கள். செல்வராணி பகலில் அந்த வீட்டுக்குள் இருப்பதில்லை. வாவிக் கரையில் வலை காயப்போடும் பூவரசுக்குக் கீழே கதிரையைக் கொண்டுபோய் இருக்கிறார். நான் அந்தப் பக்கம் போனால், "இருங்க அண்ணன்" என்பார். நான் அதிகம் இருப்பதில்லை.

இதெல்லாம் தர்சினி எங்கள் அலுவலகத்துக்கு வர முன்பு நடந்தது, அவளிடம் நான் சொன்னதில்லை. அவள் அனுப்பியது கணினியில் செய்த படம், அந்த வீட்டைத் தேற்றாத்தீவில் இனித்தான் கட்டப்போகிறார்கள். நடுவில் ஒரு நாவல் மரம். நல்ல மேசன் ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். ஹனிபா நானாவின் நம்பரைக் கொடுத்தேன். முதலில் தூண் வீடாகக் கீறு, யார் என்ன சொன்னாலும் மண் ஏற்றாதே என்றும் சொன்னேன். போன கிழமை, வேலை தொடங்கும் நாளில், என்னையும் வரச் சொன்னாள். இத்தனை வருடத்தில் ஹனிபா நானாவும் நானும் ஒரு வளவுக்குள் ஒன்றாக நிற்பது அன்றுதான். அவருடைய தாடி முழுதும் நரைத்துவிட்டது. சலாம் சொன்னேன், பதில் சொன்னார்.

வேலைப் பை தோளில் தொங்க, அவர் கைப்பேசியை எடுத்தார். நாவலை நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். குந்தி இருந்து, அடிமரத்தில் ஓர் அடிமட்ட அளவுகோலைச் சாய்த்து வைத்து, மண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி எடுத்தார். இலைகளை அண்ணாந்து எடுத்தார். தர்சினி சிரித்துக்கொண்டு, "என்ன நானா, மரத்துக்குக் கலியாணமா?" என்றாள்.

"இப்ப எந்த வேலைக்குப் போனாலும் இப்பிடித்தான் தங்கச்சி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க மரத்துக்குக் கிட்ட வந்து நில்லுங்க."

"நான் என்னத்துக்கு நானா?"

"நான் வரக்குள்ள மரம் பச்சையா நிண்ட எண்டதுக்கு ஒரு ஆள் வேணும். வெறும் மரத்த எடுத்தா, எப்ப எடுத்த எண்டு கேப்பாங்க."

தர்சினி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல எனக்கு அந்த இடத்தில் வாய் வரவில்லை, அதனால்தான் இதை எழுதியிருக்கிறேன். நான் போய் நாவலோடு ஒட்டி நின்றேன். அவர் ஒரு படம் எடுத்தார், பார்த்தார், நான் கண்ணை மூடிவிட்டேன் என்றார். திரும்பவும் எடுத்தார். அதில் என் முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை நிலத்தில் வைத்தார்.